விடுமுறைத் தீவும் தாயின் நினைவும்

ஆண்டில் பதினோரு மாதங்களை ஓரிடத்தில் கழித்துவிட்டு, எஞ்சிய ஒரு மாதம் வாழும் இடத்தையே 'ஊர்' என்று சொல்லிக்கொள்ளும் மக்கள் நாம். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பிறந்து வளரும் நம் குழந்தைகளிடம் பாட்டியைப் பற்றிக் கேட்டால், அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரு கோடையின் கதையாகவே இருக்கும். இரண்டு இரவுகள் இரயிலில் கழித்து இறங்கியதும் வாசலில் நின்ற பாட்டி, கிணற்றடி, மாமரம், மொட்டைமாடியில் வரிசையாக விரித்த பாய்கள் என்று அந்தக் கதை நீளும். பாட்டிக்கு முதுமை ஏறுவதை அவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையே கண்டார்கள். ஒரு கோடையில் சென்றபோது அவர் இல்லை. வீடு மட்டும் இருந்தது. பிறிதொரு கோடைக்குள் வீடும் கைமாறிவிட்டது. நம்மில் பலர் குடும்பங்களில் நிகழ்ந்தது இது. எம் குடும்பத்திலும் நிகழ்ந்தது.

இத்தகைய நினைவை எழுதப் புகுவோர் இரண்டு இடர்களுள் ஒன்றில் சிக்குவதைக் காண்கிறோம். சிலர் இனிமையை மட்டும் எழுதிவிடுகின்றனர். அப்போது நினைவு வாழ்த்து மடலாகிவிடுகிறது. சிலர் இழப்பை மட்டும் எழுதுகின்றனர். அப்போது அது புலம்பலாகிவிடுகிறது. இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு வழி உண்டா என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினா. விடை தேடி நெடுந்தொலைவு செல்கிறோம். தம் குழந்தைப்பருவத்துக் கடலோர விடுமுறைகளை மூலப்பொருளாகக் கொண்டு இரண்டு பெண்மணிகள் எழுதிய இரண்டு நூல்களே நம் ஆய்வுக்குரியவை. ஒன்று, ஆங்கிலேயரான வர்ஜீனியா வுல்ஃப் 1927-இல் வெளியிட்ட 'கலங்கரை விளக்கத்தை நோக்கி' என்னும் நாவல். மற்றொன்று, பின்லாந்து நாட்டவரான டூவெ யான்சன் 1972-இல் வெளியிட்ட 'கோடை நூல்'. பின்னது தாமஸ் டீல் என்பாரின் மொழிபெயர்ப்பால் ஆங்கிலத்திற்கு வந்தது. 2024-இல் திரைப்படமாகவும் வெளிவந்தது.

இரு குடும்பங்களின் கோடைகள்

வர்ஜீனியாவின் தந்தை லெஸ்லி ஸ்டீபன் இலண்டனில் வாழ்ந்த அறிஞர். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலைச் சேர்ந்த செயின்ட் ஐவ்ஸ் என்னும் கடற்கரை ஊரில் டாலண்ட் ஹவுஸ் என்ற வீட்டை அவர் குத்தகைக்கு எடுத்திருந்தார். வர்ஜீனியா பிறந்த 1882 முதல் 1894 வரை அக்குடும்பம் கோடைதோறும் அங்கே சென்றது. வீட்டிலிருந்து பார்த்தால் விரிகுடாவுக்கு அப்பால் காட்ரிவி என்னும் சிறு பாறைத்தீவும், அதன்மேல் ஒரு கலங்கரை விளக்கமும் தெரியும். அக்குழந்தைகள் வீட்டிலேயே ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். 1892 செப்டம்பர் இதழில் ஒரு செய்தி உள்ளது: மூத்தவர்கள் சிலர் கலங்கரை விளக்கத்திற்குப் படகில் சென்றனராம், இளையவன் ஏட்ரியனுக்கு அனுமதி கிடைக்காமையால் அவன் பெரிதும் ஏமாற்றமுற்றானாம். ஒரு சிறுவனின் இந்த ஏமாற்றம் முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து ஒரு பெருநாவலின் வித்தாயிற்று. 1895-இல் தாய் ஜூலியா மறைந்தார். வர்ஜீனியாவுக்கு அப்போது வயது பதின்மூன்று. அதன்பின் அந்த வீட்டுக் கோடைகள் முடிந்துபோயின.

டூவெ யான்சன் 1914-இல் ஹெல்சிங்கியில் பிறந்தார். தந்தை சிற்பி, தாய் சிக்னே ஹம்மர்ஸ்டன், நூல்களுக்குப் படம் வரைந்தவர், பின்லாந்தின் அஞ்சல்தலைகள் பலவற்றை வடிவமைத்தவர். அந்தத் தாய் சுவீடனிலிருந்து மணமுடித்து வந்தவர் என்பதும், அக்குடும்பம் பின்லாந்தில் சிறுபான்மையினரின் மொழியாகிய சுவீடிய மொழியைப் பேசியது என்பதும் நம் போன்றோர் மனத்தில் கொள்ளத்தக்கவை. பிற மொழியினர் நடுவே தம் மொழியை வீட்டில் காத்துவந்தவர்கள் அவர்கள். ஹெல்சிங்கிக்குக் கிழக்கே, பின்லாந்து வளைகுடாவில் உள்ள பெல்லிங்கித் தீவுக்கூட்டத்தில் அவர்கள் கோடைகளைக் கழித்தனர். பின்னர் 1947-இல் டூவெயும் அவர் தம்பி லார்ஸும் பிரெட்ஷார் என்னும் சிறுதீவில் தாமே ஒரு வீடு கட்டினர். 'கோடை நூலி'ன் களம் இத்தகைய தீவுதான். 1970-இல் தாய் சிக்னே மறைந்தார். இரண்டே ஆண்டுகளில் இந்நூல் வெளிவந்தது.

இருவரும் தாயை இழந்தவர்கள். இருவரும் அத்தாயை விடுமுறைத் தீவிலே வைத்து எழுதியவர்கள். ஒரு வேறுபாடும் உண்டு. வுல்ஃப் தம் நாவலின் களத்தை ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுக்கு மாற்றினார். எனினும் அவர் நாவலில் நெஞ்சில் நிற்பது தொலைவில் தெரியும் சிறு தீவே. அது கண்ணுக்குத் தெரிந்தும் கால் எட்டாதது. யான்சனின் தீவோ காலடியிலேயே இருப்பது. ஒவ்வொரு பாறையையும் பாசியையும் கைவிரல் அறியும். ஒருவருக்கு விடுமுறை என்பது அடைய முடியாத இடம். மற்றவருக்கு அது விட்டு நீங்க வேண்டிய இடம்.

ஒரு வாக்கியத்தில் ஒரு மரணம்

'கலங்கரை விளக்கத்தை நோக்கி' மூன்று பகுதிகள் கொண்டது. முதற்பகுதியில் ஒரு மாலைப்பொழுது. ஆறு வயது ஜேம்ஸிடம், மறுநாள் வானிலை நன்றாக இருந்தால் கலங்கரை விளக்கத்திற்குப் போகலாம் என்கிறாள் தாய் திருமதி ராம்ஸே. நன்றாக இராது என்கிறார் தந்தை. விளக்கக் காவலரின் நோயுற்ற மகனுக்காகத் தாய் ஒரு காலுறை பின்னுகிறாள். அதன் நீளத்தை ஜேம்ஸின் காலில் வைத்து அளக்கிறாள். இரவு உணவு முடிகிறது; விளக்குகள் அணைகின்றன. இரண்டாம் பகுதியில் பத்து ஆண்டுகள் ஓர் இரவைப்போல் கடக்கின்றன. ஆளில்லாத வீட்டுள் காற்றும் ஈரமும் புகுந்து திரிவதை ஆசிரியர் பக்கம் பக்கமாக எழுதுகிறார். அதனிடையே, திருமதி ராம்ஸே இறந்துவிட்ட செய்தியை அடைப்புக்குறிகளுக்குள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். நூலின் உயிராக நின்ற தாய்க்கு அவ்வளவே இடம்.

'கோடை நூலி'லும் இவ்வாறே காண்கிறோம். இருபத்திரண்டு சிறு இயல்களாலான அந்நூலில் மூவரே முதன்மையானவர்கள்: ஆறு வயது சோஃபியா, அவள் பாட்டி, எப்போதும் மேசையில் குனிந்து பணி செய்யும் தந்தை. இரண்டாம் இயலில் சோஃபியா இரவில் விழித்துக்கொள்கிறாள். தனக்கென்று தனிப்படுக்கை கிடைத்திருப்பதை எண்ணுகிறாள். தாய் இறந்துவிட்டதே அதற்குக் காரணம் என்பதும் அதே மூச்சில் வருகிறது. அதன்பின் நூல் முழுவதிலும் அம்மரணம் விரித்துரைக்கப்படுவதே இல்லை. ஆயினும் ஒவ்வோர் இயலிலும் அது உட்கார்ந்திருக்கிறது. சிறுமி காரணமின்றிக் கத்துவதும், பாட்டி எப்போது சாவாள் என்று முதல் இயலிலேயே கேட்பதும், அன்பு காட்டாத பூனையிடம் அன்புக்கு ஏங்குவதும் அந்த ஒற்றை வாக்கியத்திலிருந்து கிளைத்தவை என்றே நாம் கொள்கிறோம்.

இரு ஆசிரியர்களும் இறப்பை இவ்வளவு சுருக்கியது ஏன்? குழந்தைகள் இறப்பை அறிந்துகொள்வது அவ்வாறுதான் என்பதே நாம் கருதும் விடை. பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள். ஒரு தந்தி அல்லது தொலைபேசி அழைப்பு வருகிறது. அப்பா மட்டும் அவசரமாக இரயிலேறுகிறார். தேர்வு இருப்பதால் குழந்தை இங்கேயே இருக்கிறது. பாட்டி இறந்தது அதற்கு ஒரு வாக்கியமாகவே வந்து சேர்கிறது. அடுத்த கோடையில் வெற்றுத் திண்ணையைக் காணும்போதே அந்த வாக்கியத்தின் பொருள் விளங்குகிறது. நம் வீடுகளில் நடந்ததும் இதுவன்றோ?

யான்சனின் நூலில் மேலும் ஒரு நுட்பம் உண்டு. நூலில் வரும் பாட்டி ஆசிரியரின் தாய் சிக்னேயை ஒட்டிப் படைக்கப்பட்டவள். சோஃபியாவோ தம்பி லார்ஸின் மகளை ஒட்டியவள். உண்மையில் மறைந்தவர் சிக்னே. நூலிலோ அவர் உயிரோடு கைத்தடியூன்றி நடக்கிறார், திருட்டுத்தனமாகப் புகை பிடிக்கிறார், சிறுமியோடு சண்டையிடுகிறார். தாயை இழந்தவள் சிறுமி. ஐம்பது வயதைக் கடந்த ஆசிரியர் தம் துயரத்தை ஆறு வயதுக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, அக்குழந்தையைத் தேற்றும் பணியை மறைந்த தம் தாயிடமே ஒப்படைத்திருக்கிறார். இறந்தவரைக் கொண்டே இறப்புக்கு ஆறுதல் சொல்லவைத்த இந்த ஏற்பாடே அந்நூலின் உயர்வுக்குக் காரணம் என்பது எம் துணிபு.

மண்டையோடும் மரமாளிகையும்

இரு நூல்களிலிருந்தும் ஒவ்வொரு காட்சியை எடுத்து அருகருகே வைத்துப் பார்ப்போம்.

ராம்ஸே குழந்தைகளின் படுக்கையறைச் சுவரில் ஒரு பன்றியின் மண்டையோடு மாட்டப்பட்டிருக்கிறது. மகள் கேமுக்கு அதைக் கண்டால் அச்சம், உறக்கம் வருவதில்லை. ஜேம்ஸோ அதை எடுக்கவிடமாட்டேன் என்கிறான். தாய் தன் சால்வையைக் கழற்றி மண்டையோட்டின்மேல் சுற்றிவிடுகிறாள். மகளிடம் அது இப்போது பறவைக்கூடு போலவும் அழகிய மலை போலவும் இருக்கிறது என்று சொல்லி உறங்கவைக்கிறாள். மகனிடம் மண்டையோடு அங்கேயேதான் இருக்கிறது என்று உறுதி கூறுகிறாள். பிற்பகுதியில், தாய் மறைந்தபின் ஆளற்ற வீட்டில், அந்தச் சால்வை மடிப்பு மடிப்பாக நெகிழ்ந்து தொங்குகிறது. தாய் மூடி வைத்ததைக் காலம் திறக்கிறது.

'கோடை நூலி'ல் சோஃபியாவுக்கு வெனிஸ் நகரத்திலிருந்து ஒரு பட அஞ்சலட்டை வருகிறது. நீரில் மூழ்கிவரும் நகரம் என்று கேட்டதும், பாட்டியும் பேத்தியும் தீவின் சதுப்பில் ஒரு வெனிஸைக் கட்டுகின்றனர், கால்வாய்கள் வெட்டுகின்றனர், பாட்டி மரத்தில் ஒரு மாளிகையைச் செதுக்குகிறாள். ஓரிரவு மழை பெய்து எல்லாவற்றையும் அடித்துச் செல்கிறது. சிறுமியின் அழுகை தாங்காமல் பாட்டி இரவெல்லாம் விழித்திருந்து மாளிகையை மீண்டும் செதுக்கி வைக்கிறாள்.

இரண்டும் குழந்தையின் உறக்கத்துக்காகப் பெரியவர்கள் செய்யும் அன்புப் பொய்கள். ஆயினும் வேறுபாடு நுண்ணியது. திருமதி ராம்ஸே அழிவின் சின்னத்தை மறைக்கிறாள். சால்வை நழுவினால் அச்சம் மீளும். பாட்டி அழிந்ததை மறைக்கவில்லை, மறுபடியும் செய்கிறாள். தன் சாவைப் பற்றிப் பேத்தி கேட்டபோது, விரைவில் என்று ஒளிக்காமல் சொன்னவள் அவள். தன் மரணத்தில் உண்மையும் விளையாட்டு மாளிகையில் பொய்யும் சொல்லத் தெரிந்த அந்த முதியவளிடம் நாம் கற்கவேண்டியது உண்டு. நம் குழந்தைகளிடம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகவே நடந்துகொள்கிறோம். பாட்டி ஊருக்குப் போயிருக்கிறார் என்று மரணத்தை மறைக்கிறோம், உடைந்த பொம்மைக்கோ உண்மை பேசுகிறோம்.

நெய்தல் நோக்கில்

இந்நூல்களை நம் இலக்கண மரபின் ஒளியில் நோக்குவது மிகையாகாது. தொல்காப்பியம் பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து உயிர்களும் தொழில்களும் கருப்பொருள். மாந்தர் உணர்வே உரிப்பொருள். கடலும் கடல்சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். அகத்திணை தலைவன் தலைவியர்க்கே உரியது என்பதை நாம் மறக்கவில்லை. எனினும், நிலமே உணர்வைத் தாங்கி நிற்க, மாந்தர் வாய்திறவாதிருக்கும் அந்த முறை இவ்விரு நூல்களுக்கும் அப்படியே பொருந்துவதைக் காண்கிறோம்.

யான்சனின் நூலில் யாரும் தாயை எண்ணி அழுவதில்லை. பாறையிடுக்கில் தேங்கிய நீர், மிதித்தால் மீளாத பாசி, காற்றால் முறுகி வளர்ந்த மரங்கள், ஆகஸ்டில் திடீரெனக் கறுக்கும் இரவுகள் ஆகிய கருப்பொருள்களே இரங்குகின்றன. இறுதி இயலில் குடும்பம் தீவை விட்டுப் புறப்பட ஆயத்தமாகிறது. குளிர்காலத்தில் கடலில் தவித்து ஒதுங்குவோர் எவரேனும் வந்தால் பயன்படட்டும் என்று வீட்டைப் பூட்டாமல் விடுவது அங்குள்ள வழக்கம். இரவில் பாட்டி தனியே வெளியே வருகிறாள். தொலைவில் ஒரு மீன்படகின் இயந்திர ஒலி கேட்கிறது. காது கொடுத்துக் கேட்டால், அது அவளுடைய நெஞ்சின் துடிப்பு. அவள் இறந்தாள் என்று ஆசிரியர் எழுதவில்லை. அடுத்த கோடையில் வருவாள் என்றும் எழுதவில்லை. உள்ளுறையை அறிந்த தமிழ் வாசகருக்கு இதற்குமேல் உரை தேவையில்லை.

வுல்ஃபின் நாவலில் மூன்றாம் பகுதி, பத்தாண்டு கழித்து எஞ்சியவர்கள் அவ்வீட்டுக்கு மீள்வதைக் கூறுகிறது. மூப்படைந்த தந்தை, வளர்ந்துவிட்ட ஜேம்ஸையும் கேமையும் அழைத்துக்கொண்டு, தாய் சொன்ன அந்தப் பயணத்தை ஒருவழியாக மேற்கொள்கிறார். தொலைவிலிருந்தபோது வெள்ளி மூடுபனி போல் தோன்றிய விளக்கம், அருகே சென்றதும் வெறும் கல் கோபுரமாக நிற்கிறது. ஜேம்ஸ் இரண்டும் உண்மையே என்று உணர்கிறான். குழந்தைப்பருவத்து வீட்டுக்கு வளர்ந்தபின் திரும்பியவர் அனைவரும் அறிந்த உண்மை இது. கடல்போல் தோன்றிய குளம் குட்டையாகிவிடுகிறது. ஆயினும் அன்று கண்ட கடலும் பொய்யன்று.

குறைகள்

திறனாய்வு என்பது பாராட்டுரை மட்டும் அன்று. வுல்ஃபின் நடை கடினமானது. ஒரு வாக்கியத்துள் மூவர் உள்ளங்கள் கலந்து வருவதால், முதல் வாசிப்பில் பலர் நூலை மூடிவைக்கக் கூடும். அதனினும் பெரிய குறை, பாழடைந்த வீட்டைத் துடைத்து மீட்கும் கிழவி திருமதி மெக்நாப் வெளியிலிருந்தே காட்டப்படுவது. ராம்ஸே குடும்பத்தாரின் மனத்தில் எழும் ஒவ்வோர் அலையையும் பதிவு செய்யும் ஆசிரியர், அவள் மனத்தை மங்கலான முனகலாகவே விட்டுவிடுகிறார். விடுமுறைக்கு வருபவர்க்குக் கடலோர மக்கள் காட்சிப்பொருளாகிவிடுவது அங்கேயும் உண்டு, நம்மிடமும் உண்டு. நாம் ஊரில் இல்லாத பதினோரு மாதங்களும் வீட்டைக் கூட்டிப் பெருக்கியவர் பெயர் நம் குழந்தைகளுக்குத் தெரியுமா?

யான்சனின் நூலில் தந்தை நிழலாகவே நின்றுவிடுகிறார். மனைவியை இழந்த அம்மனிதரின் துயரம் எங்கும் பேசப்படவில்லை. வேண்டுமென்றே விட்ட இடைவெளி எனலாம். ஆயினும் சில இயல்களில் அவ்வெறுமை நூலின் வெறுமையாகவே தோன்றுகிறது. மேலும், சில இயல்கள் குறும்போடு நின்றுவிடுகின்றன. அண்டைத் தீவில் மாளிகை கட்டி, யாரும் இறங்கக்கூடாது என்று பலகை வைத்த செல்வரின் வீட்டுப் பூட்டைப் பாட்டியும் பேத்தியும் திறந்து நுழையும் இயல் நகைக்கத்தக்கது. அதற்குமேல் ஆழம் செல்லவில்லை.

கலைப்பெருமையில் வுல்ஃபின் நூலே மூத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் குழந்தைப்பருவத்துக்கு உண்மையாக நிற்பதில் யான்சனின் நூலே முந்துகிறது என்பது எம் முடிபு. அவருடைய சிறுமி இனியவள் அல்லள். கோபக்காரி, பொறாமைக்காரி, சில வேளை கொடியவள். விருந்தாக வந்த தோழிக்குத் தீவு பிடிக்கவில்லை என்றதும் அவளுக்காக நாணிக் குமைகிறாள். நினைவை இனிப்பாக்க மறுத்த இந்த நேர்மையால்தான் நூலின் அன்பு நம்மால் நம்பத்தக்கதாகிறது.

நமக்கு உரியது

தாயை எண்ணி எண்ணித் தவித்த தாம், இந்நாவலை எழுதி முடித்தபின் அத்தவிப்பு நீங்கப்பெற்றதாக வுல்ஃப் தம் பிற்காலக் குறிப்பொன்றில் தெரிவித்தார். 1939-40-இல் எழுதப்பட்ட அக்குறிப்பு அவர் மறைவுக்குப் பின் 1976-இல் நூலில் வெளிவந்தது. அவர் தமக்கை வனெஸ்ஸா நாவலைப் படித்தபோது, மறைந்த தாயே எழுந்து வந்ததுபோல் உணர்ந்து தங்கைக்கு மடல் எழுதினார். எழுதியவருக்கு விடுதலை, படித்த உடன்பிறந்தவருக்கு மீட்சி. ஒரு நினைவுநூல் ஒரு குடும்பத்திற்குச் செய்யக்கூடியது இவ்வளவு.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இனி விடை கூறலாம். இனிமைக்கும் புலம்பலுக்கும் நடுவே வழி உண்டு. இறப்பை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, கிணற்றுக் கயிற்றையும் பாட்டியின் சுருக்குப்பையையும் பத்துப் பக்கம் எழுதுவதே அவ்வழி. துயரத்தைச் சொல்லவேண்டிய பொறுப்பை அப்பொருள்கள் ஏற்றுக்கொள்ளும்.

1905 ஆகஸ்டில், பெற்றோர் இருவரையும் இழந்திருந்த ஸ்டீபன் உடன்பிறப்புகள் நால்வரும் செயின்ட் ஐவ்ஸுக்கு மீண்டும் சென்றனர். இருட்டிய பின் தம் பழைய வீட்டின் தோட்டத்துள் நடந்து, வேலியோரம் நின்று, விளக்கெரியும் சாளரங்களைப் பார்த்தனர். உள்ளே வேறு யாரோ குடியிருந்தார்கள். கதவைத் தட்டாமல் திரும்பிவிட்டார்கள்.

கைமாறிய எம் பாட்டி வீட்டின் தெருவிலும் ஒரு மாலை நாம் அவ்வாறு நின்றோம். திண்ணையை இடித்துக் கடையாக்கியிருந்தார்கள். உடன் வந்த மகள், இதுவா பாட்டி வீடு என்று கேட்டாள். ஆம் என்றோம், வேறொன்றும் சொல்ல வரவில்லை. அன்று சொல்லத் தவறியதை எந்த முறையில் எழுதலாம் என்பதை இவ்விரு நூல்களும் நமக்குக் காட்டுகின்றன. எழுதவேண்டியவர் நாமே.